தோழி எழுதிய இரண்டாம் பாகம்

கோவில்பட்டி ஜவுளிக்கடையில் என்னோடு வேலை பார்க்கும் தோழி, செல்போன் செயலியில் திகில் தொடர் எழுதுகிறாள். அதன் இரண்டாம் பாகத்தில் எங்கள் வீடே இருந்தது. புத்தி பேதலித்த அத்தையை அப்பா பல வருடமாக அறைக்குள் பூட்டி வைத்திருப்பதை அவளிடம் மட்டும்தான் சொல்லி அழுதிருந்தேன்.

“ஏட்டி, எங்க வீட்டுக் கதையவா எழுதியிருக்க?”

“பேரெல்லாம் மாத்திட்டம்லா? வாசகர்கள் எப்படிக் கொண்டாடுதாங்க பாரு!”

பார்த்தேன். எல்லோரும் அந்த அப்பாவைத் திட்டியிருந்தார்கள். ஒருவர் மட்டும், ‘தெரிந்தும் வாய் திறக்காத மகளை என்ன சொல்வது?’ என்று கேட்டிருந்தார்.

மறுநாளே சொந்த ஊரான நாகலாபுரம் போய் அப்பாவிடம் சண்டை போட்டு அத்தையை என்னோடு அழைத்து வந்துவிட்டேன். தோழியிடம் இன்றுவரை பேசவில்லை. அந்த வாசகருக்கும் பதில் எழுதவில்லை.