எட்டுப் பேர் போய் ஆறுதல் சொன்னோம்

ஆறுதல் சொல்லப் போகும் ஊழியத்தில் ஒரு சங்கடம் உண்டு: போன வீட்டில் நமக்குக் காபி போடுவதே அவர்களுக்குப் பெரும்பாடாகிவிடும். சபையில் நோயாளி சந்திப்புக் குழுவுக்குப் பேர் கொடுத்துவிட்டு முழிக்கும் அன்பர்களே, உங்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

படையெடுப்பு

கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் முருகேசன் என்ற ஆட்டோ டிரைவருக்குப் பக்கவாதம். வலது கை, கால் விழுந்துவிட்டது, பேச்சும் குழறல். அவர்கள் கோயிலுக்குப் போகிற குடும்பம்தான். எதிர்வீட்டுச் சபை அம்மா சொன்னார் என்று, பாட்டுப் புத்தகமும் ஆப்பிள் பையுமாக எட்டுப் பேர் போய் இறங்கினோம். முருகேசனின் மனைவி கமலா அக்கம்பக்கத்தில் நாற்காலி இரவல் வாங்கிப் போட்டார். இரண்டு தவணையாகக் காபி கொடுத்தார். கிளம்பும்போது நான் பெரிய மனுஷத்தனமாக, என்ன உதவி வேண்டுமானாலும் கூச்சப்படாமல் கேளுங்கள் என்றேன். அவர் கூச்சப்படவில்லை.

"அடுத்த தபா வரசொல்ல ரெண்டு பேரா வாங்க சார். ஊட்ல நாலு டம்ளர்தான் கீது."

நீண்ட ஜெபம்

அதற்குப் பிறகு நானும் என் மனைவி மெர்சியும் மட்டும் போனோம். என் ஜெபம் எங்கள் சபையில் பிரசித்தம். நாட்டுத் தலைவர்களில் ஆரம்பித்து நோயாளியிடம் வந்து சேர நேரமாகும். அன்று மழைக்காக வேண்டிக்கொண்டு, மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினேன். கட்டிலிலிருந்து கணீரென்று "ஆமென்" என்று கேட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் தெளிவாகப் பேசிய முதல் வார்த்தை இதுதான் என்று கமலா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் புல்லரித்தது. ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்லிவிட வேண்டும் என்று படியிறங்கும்போதே ஒத்திகை பார்த்தேன். மெர்சி என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

"தலைமாட்டுல கஞ்சி ஆறிக்கிட்டு இருந்துச்சுங்க. அது அற்புதம் இல்ல, பசி."

வெள்ளை பேன்ட்

திருவான்மியூரில் முருகேசனின் மகளுக்கு வளைகாப்பு, ஞாயிற்றுக்கிழமை காலை. கமலா போகப்போவதில்லை என்றார். முருகேசனை யாரிடம் விடுவது? மூத்திரப் பாட்டில் பிடிக்க வேறு ஆளை அவர் விடவே மாட்டார். முதல் பிள்ளைக்கு அம்மா இல்லாமல் வளைகாப்பா? நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அன்று ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும் முறை என்னுடையது என்பது அப்புறம்தான் உறைத்தது. அதை மெர்சி ஏற்றுக்கொண்டாள்.

கமலா போனதும் முருகேசன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தண்ணீர்கூட வேண்டாம் என்றார். குடித்தால் போக வேண்டிவருமே. பதினோரு மணிக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. எந்த வசனத்தைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளதைச் சொன்னேன்: குடலிறக்க ஆபரேஷனுக்குப் பிறகு, என் மகள் வயதுள்ள நர்ஸ் பாட்டில் பிடித்தபோது நான் அழுதேன் என்று.

அவர் இடது கையைப் பாட்டில் பக்கம் நீட்டினார். எடுத்துப் பிடித்தேன். குறி தப்பி என் ஞாயிற்றுக்கிழமை பேன்ட் நனைந்தது. அவர் வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார், கட்டில் ஆடும்படி. நானும் சிரித்தேன். துடைத்து முடித்ததும் வழக்கம்போல ஜெபத்துக்குக் கைகூப்பினேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"சும்மா குந்து நைனா."

கலந்த சாதம்

இரண்டு மணிக்குக் கமலா இரு கை நிறைய வளையலோடு வந்தார். முருகேசன் அவற்றை ஒரு விரலால் தள்ளித் தள்ளிச் சத்தம் கேட்டார். கமலா என்னை உட்கார வைத்து, கொண்டுவந்த புளிசாதத்தையும் தயிர்சாதத்தையும் தட்டில் போட்டார். அப்பா வராததில் மகளுக்கு வருத்தமா என்று கேட்டேன்.

"அப்பா கூட யாரு கீறாங்கன்னு கேட்டுச்சு சார். நம்ம ஊட்டு ஆளு ஒர்த்தர் கீறாருன்னு சொன்னேன், கம்முனு ஆய்டுச்சு."

ஆறுதல் சொல்லப் போன நான் அதில் ஒரு வார்த்தையும் சொல்லாமல், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, முருகேசனின் லுங்கியோடு பஸ் ஏறினேன்.