நண்டு கழற்றும் படம்

கடைக்குள் நான் இருந்தேன். மாமி இருந்தார். ஸ்டூடியோ நடத்தும் அக்கா கணினிக்கு முன்னால் இருந்தார். வேறு ஆளில்லை.

மாமி என் மனைவியின் தாய். மனைவி செத்து முப்பத்தொரு நாள் முடிந்திருந்தது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள். அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது.

மாமியின் கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது. போனில் காட்டினால் முகம் தெரியாது. அவர் வீட்டில் பழைய டிவியும் டிவிடி பெட்டியும் உண்டு. மகள் நடமாடுவதை அதில் ஒருதரம் பார்க்க வேண்டும் என்று கேட்டார். இத்தனை வருசத்தில் அவர் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான்.

அவள் நடமாடும் படம் என்னிடம் ஒன்றே ஒன்று. வாவிக்கரையில் குந்தியிருந்து வலையிலிருந்து நண்டு கழற்றுகிறாள். நான் போனில் எடுத்தது. செத்த வீட்டு வீடியோவும் இருந்தது, மூன்று மணித்தியாலம். வெளிநாட்டில் இருக்கும் மச்சானுக்காக ஆள் வைத்து எடுத்தது. இரண்டையும் ஒரே டிஸ்க்கில் போடச் சொல்லியிருந்தேன். வீட்டுப் பெட்டியில் ஓடுமோ என்று மாமி அந்தப் பெட்டியையே பெட்ஷீட்டில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்திருந்தார்.

அக்கா அதைக் கடை டிவியில் மாட்டி டிஸ்க்கைப் போட்டார். டிவி நிறைய ஒரு பெண். முகம் முழுக்கக் கட்டம் கட்டமாக இருந்தது.

"ஆருகா இது?" என்றார் மாமி.

"உங்கட மகள்தான் அம்மா."

"என்ட புள்ளய ஏன்கா இப்பிடிக் கொழுக்க வெச்சிரிக்காய்? அவ ஈர்க்குப் போல. கலியாணம் முடிச்ச பிறகும் கொழுக்கல்ல. இவரு என்னத்தப் போட்டாரு, கொழுக்க?"

அக்கா சிரித்துவிட்டு என்னைப் பார்த்து நிறுத்தினார். நானும் கொஞ்சம் சிரித்தேன். நியாயம்தானே.

போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்ததாம். டிவியை நிரப்ப இழுத்ததால் அகன்றுவிட்டதாம். இரண்டு பக்கமும் கறுப்பை விட்டு அளவைச் சரியாக்கினார். அவள் மெலிந்தாள்.

"மூணு மணித்தியாலத்த ஒரு டிஸ்க்ல அமுக்கினா எல்லாம் மங்கும் அண்ணன். ஒண்ட வெளிய எடுக்கணும்."

"செத்த வீட்ட எடு," என்றார் மாமி. "அத நான் பாத்துட்டன்."

எடுத்தார். கணினி படத்தை இரண்டு தரம் ஓட்டியது. முதல் தரம் எங்கே அசைவு கூட என்று பார்க்குமாம். இரண்டாம் தரம்தான் எழுதுமாம். நாங்கள் பிளேன்டீ குடித்தோம்.

முகம் கொஞ்சம் தெளிந்தது. கட்டங்களை மறைக்க அக்கா எதையோ அழுத்தினார். தோல் வழுவழுவென்று வந்தது.

மாமி டிவிக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றார். "மூக்கடியில மரு இரிந்திச்சே. எங்க?"

"அது புள்ளியெண்டு அழிஞ்சிட்டு அம்மா."

"அதப் போடு."

அக்கா போட்டார். மருவோடு கட்டங்களும் திரும்பி வந்தன.

"போன்ல முதல் எடுத்த படம் இரிக்கா அண்ணன்? இது நெட்டில போய் வந்தது. சுருங்கித்தான் வந்திரிக்கி. அதத் தந்தா வடிவாச் செய்வன்."

இதை நான் மாமிக்குச் சொல்லியிருக்கவில்லை.

செத்த வீட்டன்று சவப்பெட்டி மூடுவதையும் போனில் எடுத்து உடனே அனுப்பச் சொன்னான் மச்சான். இடமில்லை என்றது போன். நண்டுப் படம்தான் ஆகப் பெரிது. அதை அவனுக்கு முந்தியே அனுப்பியிருந்தேன். அவனிடம் இருக்கிறதுதானே என்று அழித்தேன். பிறகு அவன் திருப்பி அனுப்பியது இந்தச் சின்னப் படம். பெட்டியைப் படம் எடுக்க, அவள் உயிரோடு இருந்ததை அழித்திருந்தேன்.

இவ்வளவையும் அக்காவைப் பார்த்துச் சொன்னேன். மாமியின் பக்கம் திரும்பவில்லை.

"அழிச்சிட்டயளா மருமகன்?"

"ஓம் மாமி."

ஏசியிருந்தால் நல்லம். மாமி பெட்ஷீட்டை எடுத்து மடித்தார். விரித்துத் திரும்பவும் மடித்தார்.

அக்கா படத்தை மெல்ல ஓட்டிப் பார்த்தார். "அவங்க அசையக்குள்ளதான் உடையிது. அசையாம இரிக்கிற இடம் சுத்தமா வருது. இல்லாதத என்னால கொண்டர ஏலா அம்மா. இரிக்கிறதக் கெடுக்காமத் தாறன்."

"அந்த இடத்தக் காட்டு."

என் மனைவிக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கை போகும், தலை போகும், வாயும் போகும். ஓர் இடத்தில் மட்டும் நண்டைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன எடுக்கிறாய் என்பதுபோல் என்னைப் பார்க்கிறாள். மரு தெரிகிறது. கண் தெரிகிறது.

மாமி டிவிக் கண்ணாடியில் கையை வைத்தார்.

"இன்னொருக்காப் போடு."

போட்டார். திரும்பவும் போட்டார். எவ்வளவு நேரம் அது என்று நான் கேட்டேன். அக்கா கணினியில் பார்த்துச் சொன்னார்.

நாலு செக்கன்.