பிரசவ வார்டுக்குப் போகாத சுறாப் புட்டு

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

வெந்த பால் சுறாவின் தோலை உரித்து, சதையைப் பிழிந்து உதிர்த்து, சின்ன வெங்காயமும் பூண்டும் வதங்கும் எண்ணெயில் போட்டால் ஒரு வாசனை எழும். காரைக்காலில் பிள்ளை பெற்ற வீடு எது என்று தெருமுனையிலேயே சொல்லிவிடும் வாசனை. எனக்கு அது ஒரு மருத்துவமனைச் சமையலறையின் வாசனை... என் முதல் வேலையின் வாசனை.

எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள். உணவியல் படித்து முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். எனக்கு மேலதிகாரி, கல்லூரியில் சீனியராக இருந்த ஒரு பெண். பெயர் வேண்டாம். அப்போது கூப்பிட்டபடி அக்கா என்றே எழுதுகிறேன்.

பிள்ளை பெற்றவர்களுக்கு அங்கே கொடுத்தது, எங்கிருந்தோ பாக்கெட்டில் வந்த சத்துமாவு. வெந்நீரில் கரைத்து ஊற்றுவார்கள். பாதிப் பேர் வாஷ்பேசினில் கொட்டினார்கள். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை. அதனால் பால் ஊறும் என்று வீட்டிலிருந்து சுறாப் புட்டை ஒளித்துக் கொண்டுவருவார்கள். ஒருநாள் வாட்ச்மேன், மகளைப் பார்க்க வந்த ஓர் உம்மாவின் கூடையைப் பிடித்துவிட்டார்.

"என்னங்க இது?"

"புள்ளைக்குத் துணிங்க."

"துணியில பூண்டு வாசம் அடிக்குது?"

"எங்க வூட்டுல பூண்டு போட்டுத்தான் துணி தொவைப்போம். ஒங்களுக்கென்ன? வழிய விடுங்க!"

வாட்ச்மேனே சிரித்துவிட்டார். ஆனாலும் கூடையை உள்ளே விடவில்லை. அந்த உம்மாவின் மகள் மாடியில் படுத்திருந்தாள். மாவுத் தண்ணீரைக் கண்டாலே குமட்டுகிறது, பசியில் கண் இருட்டுகிறது என்று காலையில்தான் என்னிடம் அழுதிருந்தாள்.

இவர்கள் ஒளித்துக் கொண்டுவருவதை நாமே சமைத்துப் போட்டால் என்ன? அன்றைக்கே உட்கார்ந்து திட்டம் போட்டேன். அரிசி என் ஊரான நெரவியிலிருந்து. முருங்கைக்கீரை சுரக்குடியிலிருந்து. மீன், விடிகாலையில் கரைக்கு வரும் படகிலிருந்து நேராக. புரதம் எவ்வளவு, இரும்புச்சத்து எவ்வளவு என்று அக்காவிடம் காட்டினேன். சமையல்காரர் மெய்தீன் பாய் செய்த புட்டை அடுப்படியில் நின்றபடியே கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் அக்கா.

"பெரிய டாக்டர்கிட்ட நீ பேசு தம்பி. என்னைக் கேட்டா நான் ஆமான்னு சொல்றேன்."

பெரிய டாக்டரின் அறை. மேசைமேல் ஒரு கிண்ணம் மாவுக் கூழ், ஒரு தட்டு எங்கள் சாப்பாடு. நான் பேசிக்கொண்டே இருந்தேன். அவர் தட்டைத் தொடவே இல்லை.

"நாளைக்கு ஒரு பொம்பளைக்கு வயித்துப்போக்குன்னா யாருய்யா பொறுப்பு? நீயா?"

"இப்ப ஒளிச்சுக் கொண்டாந்து ஆறிப்போனதத்தான் திங்கிறாங்க சார். இங்கன்னா நாம பக்கத்துல நின்னு பாத்து..."

"நீங்க சொல்லுங்க மேடம்," என்று அக்காவின் பக்கம் திரும்பினார்.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு வார்த்தை போதும்... மாடியில் அந்தப் பெண் நாளை மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டுவிடுவாள்.

"ஊர்க்காரப் பையன் சார், கொஞ்சம் ஊர்ப்பாசம். வீட்டுச் சமையல வார்டுக்குள்ள விட்டா நம்மள ஆஸ்பத்திரின்னு யாரு சார் சொல்லுவாங்க?"

பெரிய டாக்டரும் அவரோடு இருந்த டாக்டர்களும் சிரித்தார்கள். தட்டு அப்படியே திரும்பியது. மெய்தீன் பாய் அதைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "உப்பு கூடிப்போச்சா தம்பி?"

அந்த வருடத்தோடு என்னை நிறுத்தினார்கள். பிறகு துபாய். ஒரு கேட்டரிங் கம்பெனியில், டப்பாக்களின் மேல் ஒட்டும் கலோரி லேபிளைச் சரிபார்க்கும் வேலை. தலை நரைத்த பிறகுதான் ஊர் திரும்பினேன்.

அக்கா இப்போது ஒரு பெரிய கல்லூரியில் உணவியல் துறைத் தலைவர். அண்மையில் ஒரு மண்டபத்தில், அந்தந்த ஊர் உணவு பற்றிப் பேசினார். திரையில் சுறாப் புட்டின் படம்.

"சின்ன வயசுல இத வார்டுக்குள்ள கொண்டுவர நான் எவ்வளவு போராடியிருக்கேன் தெரியுமா?"

ஒரே கைதட்டல். என் பக்கத்தில் உட்கார்ந்து எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டியது என் மகள். பிளஸ் டூ முடித்திருக்கிறாள். டயட்டீஷியன் ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

முடிந்ததும் என்னை இழுத்துக்கொண்டு மேடைக்கே போய்விட்டாள். என்னைப் பார்த்ததும் அக்காவின் முகம் ஒரு நொடி இறுகியது. பிறகு சிரிப்பு.

"தம்பி, நீயா! ஒம்பொண்ணா? எங்க காலேஜுக்கே அப்ளை பண்ணும்மா. இன்டர்வியூ நான்தான் எடுப்பேன்."

"அப்பா, மேடத்த ஒங்களுக்குத் தெரியுமா? சொல்லவே இல்ல!"

மகளின் கண் என்மேல். அக்காவின் கண்ணும்.

"தெரியும்மா. ஒண்ணா வேலை பாத்தோம்," என்றேன்.

அப்போது கூடைக்குள் புட்டை ஒளித்தார்கள். போன மாதம் உறவுக்காரப் பெண்ணைப் பார்க்க ஒரு பிரசவ வார்டுக்குப் போனேன். வாசலில் பையைத் திறந்து பார்க்க யாரும் இல்லை. போனில் வரவழைத்த பரோட்டாப் பொட்டலங்கள் தாராளமாக உள்ளே போகின்றன. விடிகாலை மீன் ஐஸ் பெட்டியில் வெளியூருக்கு லாரி ஏறுகிறது. புட்டு மேடையில் இருக்கிறது, படமாக.

மகள் விண்ணப்பம் அனுப்பிவிட்டாள். அந்தக் கல்லூரிக்குத்தான். தடுக்க மனம் வரவில்லை. என்னைவிட நன்றாகச் சண்டை போடுவாள். முகநூல் வயசானவர்களின் இடம் என்று இந்தப் பக்கமே வரமாட்டாள். அதனால் இதைப் படிக்கப்போவதில்லை.

அக்கா படிக்கலாம். படித்தால் எழுதியது யார் என்று அவருக்குப் புரியும், மற்றவர்களுக்குப் புரியாது. அதற்காகத்தான் கீழே போட்ட என் பெயரை இப்போது அழித்தேன். பெயர் இருந்தால் இது பழைய வேலைக்காரன் ஒருவனின் புலம்பல். பெயர் இல்லாவிட்டால், இன்டர்வியூவில் என் மகளிடம் கோபத்தைக் காட்டுவதற்கு முன்னால், அந்த அக்கா தான்தான் என்று அவர் ஊரறிய ஒத்துக்கொண்டாக வேண்டும்.

பெயரில்லாமலே போடுகிறேன்.