இருக்கதுலயே சின்னது

"ஏளா முருகேசு, இருக்கதுலயே சின்னது எதோ அதப் போடு" என்று கடைப்படியில் கால் வைக்கும் முன்பே சத்தம் கொடுக்கிறார் சிலுவை. தெருக்கோடிவரை கேட்கிற குரல். பொத்தான் வைத்த பழைய போனைக் கண்ணாடி மேசைமேல் வைத்துவிட்டு, முருகேஸ்வரியின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவள் ரீசார்ஜ் போடக் குனிந்து கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டே ஏதாவது கேட்டால் பதில் வராது. நிமிர்ந்து கேட்டால் உடனே வரும். "நெட்டு வேண்டாம், பாட்டு வேண்டாம். பேச்சு மட்டும் போதும். அதுவும் வாரதுக்குத்தான், போறதுக்கு இல்ல."

"இதுக்கும் கீழ கம்பெனிக்காரன் வைக்கலையே அண்ணாச்சி. இனி நீங்களே ஒரு கம்பெனி தொடங்குனாத்தான் உண்டு."

"தொடங்கிருவோம்ளா. நம்பரு மட்டும் செத்துரக் கூடாது, பாத்துக்க. குவைத்துல என் மவளுக்கு இந்த நம்பரு ஒண்ணுதான் மனப்பாடம்."

நான் பக்கத்துக் கடைக்காரன். திரேஸ்புரம் போகிற சாலையில் சின்னதாக ஓர் அச்சகம். கல்யாணப் பத்திரிகையும் அடிப்பேன், கண்ணீர் அஞ்சலியும் அடிப்பேன். இரண்டுக்கும் ஒரே மிஷின்தான். அது சும்மா கிடக்கிற நேரத்தில் முருகேஸ்வரியின் செல்போன் கடை வாசலில் நாற்காலியைப் போட்டு ஊர்வம்பு வளர்ப்பது என் பழக்கம். சிலுவையை எனக்கு அப்படித்தான் தெரியும்.

புன்னைக்காயலில் பிறந்தவர். வாலிபத்தில் இருந்தே மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணியில் எஞ்சின் டிரைவர். வெங்காயமும் காய்கறியும் மேலே போகும். சிலுவை கீழே, அடிவயிற்றில், எஞ்சினோடு போவார். கடல் எப்படி இருக்கும் என்று கேட்டால், "யாரு கண்டா? நான் பாத்ததெல்லாம் ஆயிலும் கரியும்தான்" என்பார். கரையேறிய பிறகு மீன்பிடித் துறைமுகத்தின் பக்கம் தகரக் கொட்டகை போட்டு விசைப்படகு எஞ்சின்களைப் பழுது பார்க்கிறார். மற்ற மெக்கானிக்குகள் எஞ்சினை ஓடவிட்டுக் காதைச் சாய்ப்பார்கள். இவர் உள்ளங்கையை அதன்மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "மிஷினு எங்கிட்ட கைலதான் பேசும்" என்பார். அதைக் கேட்டு நாங்களும் ஆகா ஓகோ என்போம்.

மனுஷருக்குச் சில விநோதப் பழக்கங்கள் உண்டு. டீக்கடையில் சுவரில் சாய்ந்து, எல்லார் முகமும் தெரிகிற இடமாகப் பார்த்துத்தான் உட்காருவார். உட்கார்ந்துவிட்டால் ஓயாத பேச்சு. மாலேயில் மீன் விற்கிற விதம், டீசலில் நடக்கும் கலப்படம், பனிமய மாதா திருவிழாக் கூட்டம் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவார். நடுவில் புகுந்து ஒரு கேள்வி கேட்க இடம் இருக்காது. யாராவது நகைச்சுவை சொன்னால் எல்லாரும் சிரித்து முடித்த பிறகு சிரிப்பார். பூசையில் முன்னால் நிற்கிறவர் முழங்காலிட்டதைப் பார்த்துத்தான் தானும் முழங்காலிடுவார். இவ்வளவையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

போன் விஷயத்தில்தான் அவரை நன்றாக ஓட்டுவோம். சட்டைப்பையில் அது நடுங்கினால் எடுப்பார். "ஆங், சொல்லு மக்கா. சரி. சரி. சந்தோசம் மக்கா, மாதா காப்பாத்துவா. வைக்கேன்." அவ்வளவுதான். மூச்சு விடும் நேரத்தில் முடிந்துவிடும். "ஏன் அண்ணாச்சி, மவ காசுலதான பேசுதா, அதுக்கும் கஞ்சத்தனமா?" என்று டீக்கடையே சிரிக்கும். "ஆமாலே, கஞ்சன்தான். பேசுனா பேட்டரி தேஞ்சிரும்லா!" என்று அவரும் சேர்ந்து சிரிப்பார். கஞ்சன் என்றால் அவருக்குக் கோபமே வராது. எங்கள் தெருவில் அந்தப் பட்டத்தைச் சந்தோஷமாகக் கட்டிக்கொண்டு திரிந்த ஒரே ஆள் அவர்தான்.

மனைவி டெல்பின் இருந்தவரை போன் அந்தம்மாள் கையில் இருந்தது. காதில் வைத்துக்கொண்டு இவருக்கு நேரே உட்கார்ந்து, மகள் சொல்வதை எல்லாம் திருப்பிச் சொல்லுவார். "ஷெர்லின் கேக்கா, சாப்பிட்டீயளான்னு." "இப்போ அங்கன வெயிலு கூடிட்டாம்." புருஷனை ஒரு வார்த்தை பேசவிடாத பொம்பளை என்று நாங்கள் பேசிக்கொள்வோம். போன வருஷம் அந்தம்மாளுக்குக் கண்ணீர் அஞ்சலி அடித்துக் கொடுத்தவன் நான்தான். அன்றுமுதல் போன் சிலுவை கைக்கு வந்தது.

போன மாதம் அவர் வழக்கம்போல "சின்னது" கேட்டு நின்றிருந்தபோது, டெல்பினின் தங்கை கிரேசி வேகமாக வந்து அவர் முன்னால் நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அத்தான், நீங்க மனுசன்தானா? ஷெர்லினுக்கு வயித்துல புள்ள தங்கலையாம். ஆஸ்பத்திரியில கெடந்துக்கிட்டு மொதல்ல ஒங்களுக்குத்தான் போன் போட்டிருக்கா. நீங்க 'சந்தோசம் மக்கா'ன்னு சொல்லிட்டு வச்சீயளாமே! எங்கப்பாவுக்கு நான் வேண்டாதவளாப் போயிட்டேன் சித்தின்னு விடிய விடிய அழுதிருக்கா."

சிலுவையின் கண் அவள் உதட்டைவிட்டு அசையவில்லை. அவள் முடித்த பிறகும் அங்கேயே நின்றது. "சிக்னலு சரியில்ல" என்றார்.

"சிக்னலு இல்லன்னா, கேக்கலைன்னு சொல்ல வேண்டியதுதான! சந்தோசம்னு சொல்லச் சொல்லுதா?"

கடையில் நாலு பேர் நின்றிருந்தோம். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் திரும்பித் தெருவில் இறங்கி நடந்தார்.

போன் மேசையிலேயே கிடந்தது. "அண்ணாச்சி, போன விட்டுட்டுப் போறீயளே!" என்றாள் முருகேஸ்வரி. அவர் நடந்துகொண்டே இருந்தார். "அண்ணாச்சி! ஏ அண்ணாச்சி!" எதிர்ச்சாரி மளிகைக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். சோற்றுக்காகச் சுற்றுகிற நாய்கூடத் திரும்பிப் பார்த்தது. சிலுவை திரும்பவில்லை. முருகேஸ்வரி ஓடிப்போய்த் தோளைத் தொட்டாள். மனுஷர் அதிர்ந்துபோய்த் திரும்பினார்.

வாசலில் நின்ற எங்கள் எல்லாருடைய முகத்தையும் அப்போது பார்த்தார். கிரேசி வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். "அய்யோ, அக்கா இத்தன நாளும் இதுக்குத்தான்..." என்றாள்.

நான் அவரை என் கடைக்குள் கூட்டிவந்து உட்காரவைத்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது. அவருக்கு எப்படி இருந்திருக்கும்! வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "வேய், கஞ்சன்னு சொன்னா சிரிச்சிட்டுப் போயிருவேன். செவிடன்னு தெரிஞ்சா எவன் எங்கிட்ட எஞ்சினத் தருவான்? போனுல ஏதோ இரைச்சலாத்தான் கேக்கும். அவ குரலு உசந்தா நல்ல சேதின்னு நெனச்சிக்கிடுவேன். அன்னைக்கு உசந்துதான் இருந்துச்சு." துடைத்த நுனியைக் கீழே விட்டார். "அது அழுகை வேய்."

கிரேசி வாசலிலேயே நின்றாள். அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்து, "நான் பக்குவமா சொல்லுதேன் அத்தான்" என்றாள். "ஒரு வார்த்தை சொல்லப்படாது. செஞ்சது நானு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பல நாள் டீக்கடைப் பக்கமே தலைகாட்டவில்லை. கொட்டகையில் எஞ்சின்மேல் கையை வைத்தபடி குனிந்தே இருக்கிறார் என்று படகுக்காரர்கள் சொன்னார்கள். மகளும் கூப்பிடவில்லை.

நேற்று வந்தார். கையில் ஓர் அட்டைப்பெட்டி. டெல்பின் இருந்த காலத்தில் மகள் அனுப்பிய பெரிய போன், பீரோவில் சேலைக்கு அடியில் பிரிக்காமலே கிடந்திருக்கிறது. பாச்சாஉருண்டை வாசம் அடித்தது. எனக்குத் தெரிந்து முதல் தடவையாகச் சிலுவை சத்தம் குறைத்துப் பேசினார்.

"ஏளா முருகேசு, மொகம் தெரியுததுக்கு எது போடணுமோ அதப் போடு."

முருகேஸ்வரி நன்றாக நிமிர்ந்து, நிறுத்தி நிதானமாகக் கேட்டாள். "அதுக்கு நெட்டு வேணும் அண்ணாச்சி. தெனமும் பேசுவீயளா?"

"அவ எடுத்தாத்தானளா தெனமும். ஒரு தடவ எடுத்தாப் போதும். அதுக்குத் தக்கன சின்னதாப் போடு."

அவள் சிம்மை மாற்றி, ஒரு சின்ன பிளானைப் போட்டு, போனைப் பசை டப்பாமேல் சாய்த்து நிறுத்தினாள். நான் வாசலை மறித்து நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். ஸ்கிரீன் கார்டு ஒட்ட வந்த இரண்டு பேர் ஏற்கெனவே உள்ளே நின்றார்கள். அவர்களை வெளியே அனுப்பச் சிலுவை விடவில்லை. "இருக்கட்டும். எல்லாந்தான் தெரிஞ்சு போச்சே" என்றார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. முருகேஸ்வரி மறுபடி போட்டாள். இந்தத் தடவை மகள் எடுத்துவிட்டாள். மெலிந்து போயிருந்தாள் ஷெர்லின். பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு, "என்னப்பா?" என்றாள். அவர் முகம் தவித்தது. முருகேஸ்வரி உள்ளே புகுந்து, "யக்கா, அப்பாவ நேராப் பாத்துப் பேசுங்க" என்றாள். அவள் நேராகப் பார்த்தாள்.

ஓயாமல் பேசுகிற மனுஷருக்கு வாய் திறக்கவில்லை. வலது கையைத் தூக்கித் தன் காதைப் பிடித்தார். மன்னிப்புக் கேட்கிறார் என்றுதான் அவள் நினைத்திருப்பாள். "விடுங்கப்பா" என்றாள். அவர் இல்லை என்று தலையை அசைத்தார். பிடித்த காதை விடாமல், இடது உள்ளங்கையைப் போனுக்கு முன்னால் விரித்து, மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார்.