லூசின் நிற்கும் இடம்

வஜீஹா அக்காவிடம் திட்டு வாங்காமல் எங்கள் லேபில் யாரும் ஒரு வாரம் தாண்டியதில்லை. "காகிதத்தை விரலால் தொடாதே, இடுக்கியால எடு" என்று உயிரை வாங்குவார். மயிலாப்பூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் பின்புறம் இருந்தது லேப். பச்சைக் குழந்தைகளின் சிறுநீரில் என்னென்ன அமிலம் இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது எங்கள் வேலை. குரோமட்டோகிராபி என்பார்கள். தடித்த காகிதத்தில் ஒரு சொட்டு வைத்து, கண்ணாடித் தொட்டிக்குள் தொங்கவிட வேண்டும். காடி நாற்றமடிக்கும் திரவம் ராத்திரி முழுக்க அதில் ஊறி இறங்கும். ஒவ்வொரு அமிலமும் தனக்கென்று உள்ள இடத்தில் போய் நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. காலையில் உலர்த்தி, நின்ஹைட்ரின் மருந்து தெளித்து, சூடு காட்டினால் ஊதாப் புள்ளிகளாக எழும்பும். விரல் வியர்வையிலும் அதே அமிலங்கள் உண்டு என்பதால், தொட்ட இடமும் ஊதாவாகிவிடும். திட்டுக்குக் காரணம் அதுதான்.

அக்காவின் மூத்த பிள்ளை பிறந்து பத்து நாள்கூட இருக்கவில்லை. பால் குடிக்காமல், உடம்பு விறைத்துப் போய்ச் சேர்ந்தான். அவன் நனைத்த துணியெல்லாம் வெல்லப்பாகு வாசனை அடித்ததாம். அக்கா லேபில் சேர்ந்த பிறகுதான், அப்படி ஒரு நோயே உண்டென்று எங்கள் லேப் டாக்டர் மாணிக்கவாசகம் சொல்லித் தெரிந்துகொண்டார். லூசின் என்ற அமிலம் தேங்கி மூளையைக் கெடுக்குமாம். மருந்து கிடையாது. சொந்தத்தில் கட்டியவர்களுக்கு அடுத்த பிள்ளைக்கும் வரலாம் என்றார். அக்கா கட்டியிருந்தது மாமா மகன் இனாயத்தை. அன்றிலிருந்து அவர் வீட்டில் வெல்லம் காய்ச்சியதில்லை.

எழுபத்து மூன்றில் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே இரண்டாவது மகன் பிறந்தான். மூன்றாம் நாள் அக்கா வார்டிலிருந்து நேராக லேபுக்கு நடந்து வந்தார். ஒரு கையில் குழந்தையின் சிறுநீர் பிடித்த குப்பி, இன்னொரு கையில் ஈரத்துணி.

"மோந்து பாரு புஷ்பம். பாகு வாசனை வருதா?"

"மூத்திர வாசனைதான்க்கா கீது."

"எனக்காகப் பொய் சொல்றியா?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. துணியை இன்னொரு முறை முகர்ந்து பார்த்தேன். குப்பியை வாங்கிச் சொட்டு வைத்தேன்.

மறுநாள் காலை நான் தொட்டியைத் திறக்கும்போதே வந்து நின்றார். தானே உலர்த்துவதாகக் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டார். இடுக்கியிலிருந்து காகிதம் நழுவியது. எட்டிப் பிடித்துக் கொடியில் மாட்டினார். மருந்து தெளித்துச் சூடு காட்டி எடுத்தேன். லூசின் நிற்கும் இடத்தில் திட்டாக ஊதா.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இவனும் போயிடுவான்" என்றார். அழக்கூட இல்லை.

காகிதத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஊதாவுக்குள் மெல்லிய வரிகள் வளைந்து வளைந்து ஓடின.

"அக்கா, இது உங்க கட்டைவிரல் ரேகை!"

நான் சிரித்தே விட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அதுக்கு அடியில இன்னா கீதுன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. மறுபடி ஒரு காகிதம் போட்டேன். அன்று முழுக்கக் குழந்தை தூங்கினால் அக்கா எழுப்பினார். அழுதால், விறைக்கிறானோ என்று காலை நீட்டி மடக்கிப் பார்த்தார். பார்த்த எங்களுக்கே பயம் ஒட்டிக்கொண்டது.

அடுத்த காலை அக்கா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். காகிதத்தை உலர்த்தி, மருந்து தெளித்து, சூடு காட்டி எடுத்தேன். மற்ற புள்ளிகள் அதனதன் இடத்தில் இருந்தன. லூசின் நிற்கும் இடம் வெறும் வெள்ளை.

அக்கா கைகளை அவிழ்க்காமலே கிட்டே வந்து பார்த்தார். "பெரியவனுக்கு இப்படி ஒரு காகிதம் போட ஆள் இல்லாம போச்சே" என்றார்.

பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு வார்டுக்குப் போய், குழந்தையின் ஈரத்துணியை உருவி முகத்தருகே வைத்துக்கொண்டார்.

"மூத்திர நாத்தம், புஷ்பம். வெறும் மூத்திர நாத்தம்."

சொல்லிவிட்டு அந்தத் துணியிலேயே முகத்தைப் புதைத்து அழுதார்.