சுருக்கு அக்காவும் வனஸ்பதி கேக்கும்

மங்கிப்போன டப்பா மூடியில் அக்கா மார்க்கரால் 'வெ' என்று எழுதுகிறார். பக்கத்து டப்பாவில் 'வன'. வெண்ணெய், வனஸ்பதி என்று முழுதாக எழுத அவருக்குக் கை வராது. பேச்சும் அப்படித்தான். ரொட்டி வெந்துவிட்டால் "ஆச்சு." தீர்ந்துவிட்டால் "போச்சு." பேக்கரிக்குப் பெயர்ப்பலகை இருந்தும் எங்கள் தெருவுக்கு அது சுருக்கு அக்கா கடைதான்.

கல்லாவில் உட்காரும் கணவர் தலையில் அடித்துக்கொள்வார்: "இவ 'ம்'னா சரின்னு அர்த்தமா, வேணாம்னு அர்த்தமா, இன்னிக்கு வரைக்கும் பிடிபடல!"

எந்தக் கொழுப்பு எதற்கு என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் வாய் திறப்பார். "வனஸ்பதின்னா பிஸ்கட் வாயில வச்சதும் உதிரும். வெண்ணெய்னா வாசம்."

என் மகளுக்குப் பால் ஆகாது. வெண்ணெய் துளி உள்ளே போனாலும் மூச்சு இழுத்துக்கொள்ளும். மற்ற கடைகளில் "கொஞ்சந்தானே, ஒண்ணும் ஆகாது" என்றார்கள். ஆகாதாம்! இவர்களா ஆஸ்பத்திரிக்கு ஓடப்போகிறார்கள்? அக்கா மட்டும்தான் "செய்றேன்" என்றார். அன்றிலிருந்து அவளுக்கென்று தனிக் கிண்ணம், தனி கேக் டின், பால் சேராத வனஸ்பதி கேக். பெட்டியின் மேல் 'பா.இ.' என்று இருக்கும். பால் இல்லை என்று அர்த்தம். அந்த இரண்டெழுத்தை நம்பித்தான் எங்கள் வீட்டில் பிறந்தநாளே நடக்கிறது.

இந்த வருடமும் பெட்டி வந்தது. மகள் கையில் கத்தியைக் கொடுத்தேன். அதற்குள் கதவு படபடவென்று அதிர்ந்தது. திறந்தால் அக்கா, முழங்கை வரை மாவு, காலில் செருப்பில்லை.

"வெட்டாத பாப்பா! காலையில எல்லா டின்னுக்கும் வெண்ணெய் தடவி வச்சேன்மா. கை பழக்கத்துல அதுல ஒண்ணை எடுத்து இவ மாவை ஊத்திட்டேன். இப்பப் பாத்தா இவ டின்னு கழுவி வச்சபடியே அலமாரியில இருக்கு. அப்படியே ஓடி வந்துட்டேன். போன் பண்ணக்கூடத் தோணல!"

அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. அந்த மாவுக் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தப்பை மறைத்திருந்தால் யாருக்குத் தெரியும்? என் பிள்ளைதான் மூச்சுக்குத் தவித்திருப்பாள்.

"விடு" என்று கேக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

சாயங்காலம் வேறு கேக்கோடு வந்தார். பெட்டியின் மேல் எதுவும் எழுதவில்லை. வாசலிலேயே என் எதிரில் மார்க்கரைத் திறந்து, 'பால் இல்லை' என்று முழுதாக எழுதி, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்துப் பார்த்துவிட்டு, பெட்டியை என் மகளிடம் நீட்டினார்.