பழைய படத்துக்குச் சிரித்த சிரிப்பு

கவிதா, தினேஷ், நீங்கள் இரண்டு பேரும் எதற்கெடுத்தாலும் போனை நீட்டி வீடியோ பிடிக்கிறீர்கள். அப்பா நான் மட்டும் ஏன் கையை வைத்துப் போனை மறைக்கிறேன் என்று கேட்டீர்களே, அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

டவுனில் நான் படம் ஓட்டும் சின்னத் தியேட்டரில் போன வருஷம் போர்ச்சுகல் சிரிப்புப் பட வாரம் நடந்தது. மத்தியானம் அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம். சாயந்திரம் அதே கதையை இப்போது கலரில் புதிதாக எடுத்த படம். விளம்பரமெல்லாம் புதுசுக்குத்தான். ஜனங்கள் சிரிக்கிற முகத்தைப் பிடிக்க மேனேஜர் குமார் திரைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கேமராவும் மாட்டினார்.

டிக்கெட் கிழிக்கிறவரை எல்லாரும் சரோஜா அக்கா என்போம். ஆயர் ஈத்தாமில் மாமியார் பிளாட்டில் இருந்தார். புருஷனுக்குக் கருமாதி முடிந்த கையோடு வேலைக்கு வந்துவிட்டார். யாரோடும் பேச்சில்லை. காப்பி வாங்கி வைத்தால் ஆறிப்போய்க் கிடக்கும்.

முதல் நாள் பழைய படம். ஒரு தையல்காரன் வாடகை கேட்டு வந்த வீட்டுக்காரம்மாவுக்குப் பயந்து அலமாரிக்குள் ஒளிகிறான். உள்ளேயிருந்து ஒரு தும்மல். அந்தம்மா பழக்க தோஷத்தில் "நூறு ஆயுசு" என்கிறாள். அலமாரிக்குள்ளிருந்து "ரொம்ப நன்றிம்மா" என்று பதில் வருகிறது. தியேட்டரே குலுங்கியது. முன்கதவோரம் ஸ்டூலில் இருந்த அக்கா வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

புதுப் படத்தில் தும்மலுக்குப் பதில் போன் அடித்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை.

மறுநாள் பேஸ்புக்கில் புதுப் படத்து விளம்பர வீடியோ. அதில் அக்காவின் முகம்தான் பெரிசாக. 'கண்ணீர் வரச் சிரிக்கலாம் வாங்க' என்று கீழே எழுத்து.

அன்றைக்கே அக்காவின் கொழுந்தன் அதை மாமியாருக்குக் காட்டிவிட்டான். "என் மவன் சாம்பல்கூட ஆறல, இவ பல்லைக் காட்டுறா பாரு" என்று அந்தம்மா பிளாட்டே கேட்கக் கத்தியிருக்கிறார்.

நான் மேனேஜரிடம் போனேன்.

"பாஸ், அதை எடுத்துடுங்க. அக்கா வீட்ல பெரிய சண்டை."

"என்னண்ணே, சிரிச்ச மூஞ்சியத்தானே போட்டோம்? நல்லா ஓடுதுலா."

"அவங்க சிரிச்சது பழைய படத்துக்கு."

"ரெண்டும் ஒரே கதைதானே! யாருக்குத் தெரியப் போவுது? நீங்க போய்ப் படத்த ஓட்டுங்கண்ணே."

வாரம் முடிந்து போஸ்டரைக் கழற்றியபோதுதான் வீடியோவையும் பேஸ்புக்கிலிருந்து எடுத்தார். அதற்குள் மாமியார் வீட்டில் அக்காவைத் துணிமணியோடு வெளியே அனுப்பிவிட்டார்கள். பிறை என்கிற ஊரில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போகிற வழியில், யூனிபார்ம் சட்டையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார்.

"அவரு போனதுக்கு அப்புறம் அன்னைக்குத்தாண்ணே மொத தடவையா சிரிச்சேன்" என்றார். "அதையும் புடுங்கிட்டாங்க."



இத்தனை வருஷம் படம் ஓட்டி நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான். ஜனங்கள் டிக்கெட் எடுப்பது படத்துக்கு மட்டுமில்லை, அந்த இருட்டுக்கும் சேர்த்துத்தான். அங்கே ஒருத்தர் சிரித்தாலும் அழுதாலும் அது அவருடையது. கேட்காமல் எடுக்காதீர்கள்.

அக்கா போன பிறகு தியேட்டரில் யாருமில்லை. ஏணியைப் போட்டு ஏறினேன். வயர் ஒட்டுகிற கறுப்பு டேப்பைக் கிழித்து, அந்தக் கேமராவின் கண்ணை மூடி ஒட்டினேன். இறங்கி வந்து அடுத்த ஆட்டத்துக்கு விளக்கைப் போட்டேன்.